பிளாக்ஜாக்கில் பெரிய தொகை வெல்பவரைக் கசினோ என்ன செய்யும்?

கேள்வி: "இலட்சக்கணக்கில் பந்தயம் வைக்கும் பணக்காரர் பிளாக்ஜாக்கில் வென்றுகொண்டே போனால் கசினோ அவரை வெளியே அனுப்பிவிடுமா? டொன் ஜோன்சன் என்பவர் அமெரிக்காவில் பிளாக்ஜாக்கில் மில்லியன் கணக்கில் வென்றதைப் போலக் கொழும்பில் செய்ய முடியுமா?"

வெளியே அனுப்பமாட்டார்கள். இரவுக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள்.

கொழும்பில் ஒரு கசினோவில் ஏழு வருடம் பிளாக்ஜாக் டீலராக, அதாவது மேசையில் சீட்டுப் போடுகிறவளாக, நின்றவள் நான். 21ஐத் தாண்டாமல் டீலரைவிடக் கூடிய எண் எடுப்பதுதான் அந்தச் சீட்டாட்டம். எந்த இடம் என்று சொல்லமாட்டேன், தயவுசெய்து இன்பொக்ஸில் வந்து கேட்க வேண்டாம். "சூதாட்டக் காசில் சாப்பிட்டவள் புத்தி சொல்ல வந்துவிட்டாள்" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: அந்தச் சம்பளத்தில்தான் என் தம்பி படித்து முடித்தான். ஒருவரையும் நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவில்லை. 2025 ஓகஸ்டில் கொழும்பில் சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ் என்ற பெரிய கசினோ திறந்ததிலிருந்து இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். கேட்டவர் ஓர் இளைஞர், கையில் கொஞ்சம் சேமிப்பும் யூடியூபில் பார்த்த சீட்டு எண்ணும் முறையும் (எந்தச் சீட்டுகள் போய்விட்டன என்று மனதில் கணக்கு வைப்பது) வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பெரிய பந்தயக்காரர் உட்கார்ந்த உடனேயே, மேசைகளை மேற்பார்க்கும் பிட் பொஸ் குறிக்கத் தொடங்குவார். எத்தனை மணிக்கு வந்தார், ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எவ்வளவு வைக்கிறார், ஆட்டம் தெரிந்தவரா, எப்போது எழும்பினார். அன்றைக்கு வென்றாரா தோற்றாரா என்பதைவிட இவைதான் முக்கியம். ஓர் ஆட்டத்துக்கு ஒரு இலட்சம், மணிக்கு 60 ஆட்டம், ஆறு மணித்தியாலம் என்று வையுங்கள். மேசையில் ஓடிய தொகை 3 கோடி 60 இலட்சம். பிசகாமல் ஆடுகிறவரிடம் கசினோவுக்கு உள்ள சாதகம் நூற்றுக்கு அரை ரூபாய் அளவுதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு மூன்றாவது விஸ்கியோடு பிசகாமல் ஆடியவரை நான் கண்டது மிகக் குறைவு. நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றே வைத்தால் 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய் அவரிடமிருந்து வரவேண்டும் என்று கணக்கு சொல்கிறது. ஹொட்டேல் அறை, விமான டிக்கெட், கார், நண்டுக்கறி எல்லாம் அந்தத் தொகையின் ஒரு பங்கிலிருந்துதான் வருகின்றன. இன்றைக்கு வரவில்லை என்றால் நாளைக்கு வரும். நாளைக்கும் அவர் அந்தக் கதிரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தேவை.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கொங்குப் பக்கத்து மனிதர், ஐம்பது வயது தாண்டியவர், சொந்தத் தொழில். மூன்று நாள் பயணமாக வந்திருந்தார். டீலர்களில் தமிழ் பேசுகிறவள் நான் என்று தெரிந்ததும் என் மேசைக்கே வருவார். "அம்மிணி, நல்ல சீட்டாப் போடுங்க" என்பார். மரியாதையான மனிதர், தோற்றாலும் ஒரு கெட்ட சொல் வராது. இரண்டாம் நாள் இரவு பதினொரு மணிக்கு அவர் கையில் நாற்பது இலட்சம் ரூபாய் அளவு வெற்றி இருந்தது. அடுத்த நாள் காலை விமானம். சிப்ஸை, அதாவது காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளை, அடுக்கிவிட்டு எழும்பினார்.

பெரிய பந்தயக்காரரைக் கவனிக்கும் ஹோஸ்ட் பெடியன் ஓடி வந்தான். மிரட்டவில்லை, கெஞ்சவுமில்லை. "அங்கிள், உங்களுக்குப் பெரிய சூட் அறை எடுத்து வைச்சிருக்கு. டிக்கெட்டை நாளைண்டைக்கு மாத்தித் தரலாம். அன்ரிக்கு ஷொப்பிங் போக காரும் ட்ரைவரும் இருக்கு" என்றான். அன்ரிக்குக் கார் என்றதும் அவர் முகம் மலர்ந்ததைக் கண்டேன். தொழில் தொழில் என்று ஓடிய மனிதர் மனைவிக்கு ஏதோ செய்துவிட்ட சந்தோஷம் அது. மீண்டும் உட்கார்ந்தார்.

அடுத்த நாள் இரவு பந்தய வரம்பைக் கூட்டக் கேட்டார், கூட்டிக் கொடுத்தார்கள். அதிகாலை நான்கு மணிக்கு நாற்பது இலட்சமும் போய், கொண்டுவந்ததும் போய், கடனாக எடுத்ததிலும் பாதி போயிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மிணி, நான் நேத்தே போயிருக்கலாமில்லைங்?" என்று கேட்டார்.

நாங்கள் பதில் சொல்லக்கூடாது. மேலே கமெரா, பின்னால் பிட் பொஸ். "பெட் வைக்கிறீங்களா சேர்?" என்றேன்.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத என்னை உட்கார வைத்தது நான் சொன்ன அந்த வார்த்தைதான். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்னும் யோசிக்கிறேன். அவர் கடைசிச் சிப்ஸில் ஒன்றை டிப்ஸ் பெட்டியில் போட்டுவிட்டு எழும்பிப் போனார்.

இனி மற்ற வகை, சீட்டு எண்ணுகிறவர். மெலிந்த ஒரு வெள்ளைக்காரர், தேநீர் மட்டும் குடிப்பார். ஐயாயிரம் ஐயாயிரமாக வைத்துக்கொண்டே இருந்து திடீரென்று அறுபதாயிரம் வைப்பார். இரண்டாம் நாளே கமெரா அறையிலிருந்து பிட் பொஸ்ஸுக்கு டெலிபோன் வந்தது. "கட் காட்டை நடுவில வை பிள்ளை" என்றார் பிட் பொஸ். எந்த இடத்தில் கலைப்பது என்று காட்டும் அட்டைதான் கட் காட். வழக்கமாக ஆறு கட்டுச் சீட்டில் நாலரைக் கட்டு வரை போட்டுவிட்டுத்தான் கலைப்போம். பாதியிலேயே கலைத்தால், பெரிய சீட்டுகள் எஞ்சியிருக்கின்றன என்று எண்ணிக் காத்திருப்பவருக்கு அந்த நேரம் வரவே வராது. அவருக்குப் புரிந்துவிட்டது. தேநீரை முடித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார். மனதால் எண்ணுவது குற்றமே இல்லை. அமெரிக்காவில் கென் யூஸ்டன் என்பவர் வழக்குப் போட்டு, எண்ணுகிறார் என்பதற்காக அவரை வெளியேற்றக் கசினோவுக்கு அதிகாரமில்லை என்று நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் அங்கே கசினோக்கள் நட்டப்படவில்லை, சீட்டைக் கலைக்கும் விதத்தை மாற்றிக்கொண்டன.

டொன் ஜோன்சனுக்கு வருகிறேன். 2010 கடைசியிலிருந்து 2011 வரை, அமெரிக்காவின் அட்லாண்டிக் சிற்றியில் மூன்று கசினோக்களில் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 15 மில்லியன் டொலர் வென்றார். அவர் சீட்டு எண்ணவில்லை. குதிரைப் பந்தயக் கணக்கில் ஊறிய மனிதர், உட்காருமுன் பேரம் பேசினார். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அந்த ஊர்க் கசினோக்கள் ஆள் இல்லாமல் தவித்தன. தோற்றால் 20 வீதம் தள்ளுபடி, தனக்குச் சாதகமான விதிகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். வென்றால் முழு ரூபாயும் அவருக்கு, தோற்றால் எண்பது சதம்தான் நட்டம். கசினோவின் சாதகம் ஏற்கெனவே நூற்றுக்குக் கால் அளவுக்கு இறங்கியிருந்ததால், அந்தத் தள்ளுபடி தராசை அவர் பக்கம் சாய்த்தது. பிறகு கசினோக்கள் செய்தது, அந்த நிபந்தனைகளில் இனி ஆட முடியாது என்று சொன்னதுதான். அதற்குச் சில வருடம் முன்பு, 2007இல், டெரன்ஸ் வட்டனபே என்ற தொழிலதிபர் லாஸ் வேகாஸில் ஒரே வருடத்தில் 127 மில்லியன் டொலர் அளவு இழந்தார். அவரைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த ஏழு வருடத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் மூன்று அனெக்ஸ், அதாவது வீட்டோடு ஒட்டிய வாடகைப் பகுதி, மாறினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வருட வாடகை அட்வான்ஸ், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை வேறு. விடிய ஐந்து மணிக்குக் கம்பனி வாகனத்தில் வந்து இறங்குகிறேன் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் வீட்டை விட்டு எழும்பச் சொன்னார்கள். "எங்கட வீட்டிலையும் குமர்ப்பிள்ளையள் இருக்கு" என்றார் ஒரு அம்மா. அவருடைய மகன் எங்கள் மேசையில் உட்கார்ந்து நான் கண்டிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அட்வான்ஸில் மிச்சத்தைத் திருப்பித் தர நான்கு மாதம் இழுத்தடித்தார்கள். இரவு வேலை செய்யும் தாதிமாரையும் கோல் சென்டர் பிள்ளைகளையும் இப்படித்தான் நடத்துகிறார்கள். அவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

சரி, கொழும்பில் முடியுமா? ஜோன்சனுக்குக் கிடைத்த பேரம், கசினோ தேடி வந்து அழைக்கும் ஆளுக்கே கிடைக்கும். நீங்கள் இலங்கையர் என்றால் உள்ளே கால் வைப்பதற்கே வரி கட்ட வேண்டும். 50 டொலராக இருந்ததை 2025இல் 100 ஆக்கிவிட்டார்கள், அதாவது முதல் சீட்டு விழுமுன்னரே அவ்வளவு நட்டம். அதற்கும் மேல் போகத்தான் போகிறீர்கள் என்றால், மேசைத் துணியில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு உட்காருங்கள். பிளாக்ஜாக் விழுந்தால் (முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால்) 3க்கு 2 என்றிருந்தால் ஆயிரத்துக்கு 1,500 கிடைக்கும். 6க்கு 5 என்றிருந்தால் 1,200தான், கசினோவின் சாதகம் நூற்றுக்கு ஏறக்குறைய 1.4 ரூபாய் கூடிவிடுகிறது. அந்த மேசை வேண்டாம். இதை டீலர் பிள்ளையிடம் கேட்காதீர்கள், அவளால் சொல்ல முடியாது. பெட் வைக்கிறீங்களா சேர் என்றுதான் கேட்பாள்.