பிரவுன் கவரில் குங்குமச் சிவப்பு

பெங்களூரு அல்சூரில் இட்லிப் பொடி போட்டு விற்பதாகவும், திரையில் குங்குமச் சிவப்பாக இருந்த லோகோ பிரவுன் கவரில் செங்கல் நிறமாக வந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அச்சகத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள். திரை ஆர்ஜிபி ஒளியில், அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலந்து காட்டுகிறது. அச்சு சிஎம்ஒய்கே மையில், அதாவது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளில் ஓடுகிறது. அந்த மை கண்ணாடி மாதிரி, அடியில் இருக்கும் பழுப்பு மேலே தெரியத்தான் செய்யும்.

சிவப்புக்கு அடியில் மட்டும் வெள்ளை மை ஒரு கோட் கேளுங்கள், செலவு கொஞ்சம் ஏறும். இருநூறு கவர்தான் என்றால் வெள்ளை ஸ்டிக்கரில் அடித்து ஒட்டிவிடுங்கள், நான் அதைத்தான் செய்வேன்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் அனுப்பிய லோகோ படத்தில் 'பொடி'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது! டிசைனருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இது கண்ணில் படாது. என் தங்கை கல்யாணப் பத்திரிகையில் இதே கதை, பெரியப்பா இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். கம்ப்யூட்டரில் நீங்களே ஒருமுறை படித்துப் பார்த்து, எழுத்தைக் கர்வாக (ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரிலும் குலையாத கோட்டு வடிவமாக) மாற்றிய பிறகு ஃபைலை அனுப்புங்கள். சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் நீளும் டிசைன்) விடச் சொல்லுங்கள். அதே பிரவுன் தாளில் ஒரு சாம்பிள் பார்க்காமல் முழு ஆர்டருக்குச் சரி சொல்லாதீர்கள்.