எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்

வணக்கம் சார்,

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வருடாவருடம் செப்டம்பரில் வில்லோடு எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகிறவர். போன வருடம் எங்கள் எல்லோருக்கும் இறைச்சி கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஆசையில் நானும் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டு அவரிடம் போனேன். காற்று, தடம், கத்தி, பூட்ஸ் என்று இரண்டு மணிநேரம் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் "நீங்கள் எந்த மலைக்குப் போவீர்கள்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே "மேற்கே" என்றார். முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. இந்த வேட்டைக்காரர்களைப் போல அள்ளிக்கொடுக்கிறவர்கள் குறைவு என்று போன மாதம் எழுதியிருந்தீர்களே, இதுதானா அது? இன்னொன்று, உயிரைக் கொல்லுகிறவர்களின் தாராளத்தை எதற்குப் புகழ வேண்டும் என்று என் மனைவி கேட்கிறாள்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

அவர் பொய் சொல்லவில்லை. கொலராடோவில் இருக்கும் சுமார் 3 லட்சம் எல்க்குகளில் பெரும்பாலானவை டென்வருக்கு மேற்கேதான் இருக்கின்றன.

ஆனால் அந்த இரண்டு மணிநேரத்தை நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. காற்றைப் பற்றிச் சொன்னார் என்கிறீர்கள். விடியற்காலையில் குளிர்ந்த காற்று மலைச்சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறி மண் சூடானதும் மேலே திரும்பும், சாயங்காலம் மறுபடி இறங்கும், அந்தத் திருப்பம் நடக்கிற நேரம் கிழக்குச் சரிவில் ஒன்று, நிழல் விழுந்த வடக்குச் சரிவில் வேறொன்று. எல்க் கண்ணில் பட்டதை ஒரு கணம் நின்று சந்தேகப்படும். மூக்குக்கு எட்டிவிட்டால் சந்தேகமே கிடையாது, அடுத்த மலைக்குப் போய்விடும். இதைத் தானாகக் கற்றுக்கொள்ள நினைத்தால் ஒன்றையும் கிட்டத்தில் பார்க்காமலே பல சீசன்கள் போய்விடும். அந்த வருடங்களைத்தான் அவர் உங்களுக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறார். உங்களுக்கு வகுப்பெடுத்தவரும் அநேகமாகச் சம்பளம் வாங்காத தன்னார்வலராகத்தான் இருப்பார். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பொதுவாக அந்த வகுப்பை முடிக்காமல் லைசென்ஸ் வாங்க முடியாது, அதை நடத்துவதோ பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான்.

நான் வேட்டையாடுவதில்லை, சுமப்பதற்காக நண்பர்களோடு போகிறவன். எனக்கு இதில் மிகவும் பிடித்தது குரல் கொடுக்கிறவரின் வேலை. செப்டம்பரில் இணைசேரும் காலத்தில் ஆண் எல்க் பெரிதாகக் கூவும், பெண்ணின் குரல் கேட்டால் தேடி வரும். இரண்டு பேர் போனால் ஒருவர் முன்னால் வில்லோடு உட்காருவார், மற்றவர் நன்றாகப் பின்தங்கி, வாயில் வைத்த சின்ன ரப்பர் ஊதலில் பெண் எல்க் மாதிரி குரல் கொடுப்பார். குரல் வந்த இடத்தைத் தேடிக்கொண்டு வருகிற ஆண் எல்க் முன்னால் இருப்பவரின் அம்பு எட்டும் தூரத்துக்குள் வந்து நிற்கும். பின்னால் இருப்பவர் அதைப் பார்க்கக்கூட மாட்டார். இரண்டு பேரில் வித்தை அதிகம் தெரிந்தவர்தான் பெரும்பாலும் பின்னால் உட்காருகிறார் என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

இறைச்சி விஷயத்துக்கு வருகிறேன். அதில் நல்ல மனசு மட்டும் வேலை செய்யவில்லை, எடையும் சட்டமும் வேலை செய்கின்றன. முழுதாக வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தொடும். எலும்பு நீக்கிய இறைச்சி 100 கிலோ பக்கம் வரும், சாலையோ பல மைல் தள்ளி இருக்கும். செப்டம்பர் வெயிலில் அந்தத் தடித்த தோல் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், தொடைச் சந்தின் எலும்பை ஒட்டித்தான் முதலில் கெட ஆரம்பிக்கும். அதனால் குடலைத் திறக்காமலே ஒரு பக்கத்துத் தோலை உரித்து, முன்னங்கால், பின்னங்கால், முதுகுத் தசை என்று எடுத்துவிட்டு, புரட்டிப்போட்டு மறுபக்கமும் எடுத்து, துணிப் பைகளில் போட்டு நிழலில் தொங்கவிடுவார்கள். தனி ஆளாக இருந்தால் நாலைந்து நடை. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது குற்றம். ஆகவே ஃபோன் அடிப்பார்கள், வழியில் பார்த்தவரைக் கேட்பார்கள், முன்பின் தெரியாத ஆள் தன் வேட்டை நாளை விட்டுவிட்டு ஒரு தொடையை முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்குவார். நாளைக்குத் தனக்கும் இதே நிலைமை வரும் என்று அவருக்குத் தெரியும்.

அப்புறம், இந்த இறைச்சியை விற்கவே முடியாது. 19ஆம் நூற்றாண்டில் சந்தைக்காக வேட்டையாடியவர்கள் எல்க்கைக் கிட்டத்தட்ட முடித்தே விட்டார்கள். வெள்ளையர் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் ஒரு கோடி இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள், 1900 வாக்கில் 1 லட்சம்கூட மிஞ்சவில்லை. மேல்தாடையில் இருக்கும் இரண்டு தந்தப் பற்களைக் கடிகாரச் சங்கிலியில் கோர்த்துக்கொள்வதற்காகவே சுட்டு, உடலை அழுகவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். சட்டத்தை மீறி வேட்டையாடியதை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய் விற்பதைத் தடைசெய்து 1900இல் வந்த லேசி சட்டமும் மாநிலங்களின் தடைகளும் சேர்ந்து அந்தச் சந்தையை மூடின. இன்றைக்கு வேட்டையில் கிடைத்த எல்க் இறைச்சிக்கு விலை கிடையாது. தின்னலாம், கொடுக்கலாம், அவ்வளவுதான். ஒரு பொருளுக்கு விலையே இல்லாமல் போனால் அது எவ்வளவு சீக்கிரம் அலுவலக ஃப்ரீசர் வரைக்கும் வந்து சேர்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

சரி, இடத்தை ஏன் சொல்லவில்லை? அவர் போகிற மலை அநேகமாகப் பொதுநிலம். அவருக்கு அதில் இருக்கிற உரிமை உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஒரு பள்ளத்தாக்கின் பெயர் வெளியே போனால் அடுத்த செப்டம்பரில் மண்சாலை முனையில் வண்டி நிறுத்த இடம் இருக்காது, அந்தச் சந்தடிக்கு எல்க் கூட்டம் யாரும் பின்தொடர முடியாத தனியார் பண்ணைக்குள் இறங்கிவிடும். அதற்கப்புறம் உங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. தன்னுடையது மட்டும் அல்லாத ஒன்றை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவரைத் தாராளமானவர் என்று நான் சொல்லமாட்டேன். இடத்தையும் கொடுப்பார்கள், ஆனால் ஊருக்குக் கொடுக்க மாட்டார்கள், ஒரு ஆளுக்குக் கொடுப்பார்கள், அந்த ஆளை இரண்டு மூன்று வருடம் பார்த்த பிறகு.

இதில் போலித்தனமே இல்லை என்று சொல்லவரவில்லை. அரசுக் காட்டைப் பாட்டன் சொத்தாக நினைத்துக்கொண்டு புது ஆட்களை முறைக்கிற பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன், எரிச்சலாக இருக்கும். அதே இடத்தை ஆயிரக்கணக்கான டாலருக்குக் காட்டிக்கொடுக்கிற வழிகாட்டித் தொழிலும் கூடவே நடக்கிறது.

ஆனால் 2021இல் வயோமிங்கில் நடந்ததைக் கேளுங்கள். எல்க் மவுன்டன் என்ற மலையில் பொதுநிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டம் போல மாறிமாறிக் கிடக்கின்றன. மிசௌரியிலிருந்து வந்த 4 வேட்டைக்காரர்கள் ஒரு பொதுக் கட்டத்தின் மூலையிலிருந்து இன்னொரு பொதுக் கட்டத்தின் மூலைக்கு, நடுவில் தனியார் மண்ணில் கால் படாமல், ஏணி வைத்துத் தாண்டிப் போனார்கள். அத்துமீறல் என்று வழக்கு. 2022இல் ஜூரி விடுவித்தது. நில உரிமையாளர் தரப்பு தனியாக ஒரு சிவில் வழக்கும் போட்டு, பல மில்லியன் டாலர் நஷ்டம் என்றது. அந்த நாலு பேரைப் பார்த்தே இராத மற்ற வேட்டைக்காரர்கள் வழக்குச் செலவுக்கு 1 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொதுநிலத்துக்குப் போகும் வழியை அடைக்கக் கூடாது என்கிற 1885ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றை வைத்து, வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தன் மலையின் பெயரைச் சொல்லாத அதே ஆட்கள்தான் எல்லோருக்கும் மலை திறந்திருக்க வேண்டும் என்று பணம் போட்டிருக்கிறார்கள், எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை.

உங்கள் மனைவியின் கேள்விக்கு என்னிடம் சுருக்கமான பதில்தான் இருக்கிறது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937ஆம் வருடச் சட்டப்படி வசூலிக்கிற வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. 1984இல் மொன்டானாவில் ட்ராய் என்ற சின்ன ஊரில் 4 வேட்டைக்காரர்கள் தொடங்கிய ராக்கி மவுன்டன் எல்க் ஃபவுண்டேஷன், 1997 முதல் 2002 வரை சுமார் 1,500 எல்க்குகளைக் கென்டக்கியின் பழைய நிலக்கரிச் சுரங்க நிலங்களில் கொண்டுவந்து விடுவதற்குப் பணம் கொடுத்தது. அங்கே நூறு வருடத்துக்கும் மேலாக அந்த விலங்கே கிடையாது. இதெல்லாம் கொன்றதற்குப் பரிகாரம் என்று நான் வாதாட மாட்டேன். உங்கள் மனைவி கறி சாப்பிடாதவராக இருந்தால் அவர் கேள்வி அப்படியே நிற்கும், நிற்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த வருடம் உங்கள் அலுவலக நண்பருக்கு ஏதாவது விழுந்தால் சுமக்க வருகிறேன் என்று இப்போதே சொல்லி வையுங்கள், எந்த ராத்திரியில் கூப்பிட்டாலும் போங்கள். நல்ல பூட்ஸும் நெற்றி விளக்கும் தண்ணீரும் இருந்தால் போதும். ஃபோனில் படம் எடுத்தால் பின்னாலிருக்கும் முகடு தெரியாமல் எடுங்கள், இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். உங்கள் பங்கைக் கொடுக்கும்போது, சிடபிள்யூடி நோய்க்கு (மான் இனங்களின் மூளையைத் தாக்கிக் கொல்லும் நோய்) சோதனை பார்த்தாயிற்றா என்று கேளுங்கள், கொலராடோவில் அந்த நோய் எல்க்கிலும் இருக்கிறது, கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார். லைசென்ஸ் எண்ணும் தேதியும் எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள், வழியில் அதிகாரி நிறுத்தினால் அந்த இறைச்சி உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று காட்ட வேண்டியிருக்கும்.