தழைச்சத்து கூடினால் பூ ஏன் குறைகிறது?

தழைச்சத்து (நைட்ரஜன்) தரும் யூரியா போட்டால் புல்வெளி செழிக்குமே, பூ மட்டும் ஏன் குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். செழிப்பதெல்லாம் இலைதான். உயரமான புற்கள் வெயிலை மறைத்துவிட, குட்டைப் பூச்செடிகள் ஒழிகின்றன. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1856 முதல் நடக்கும் புல்வெளிச் சோதனையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: உரமில்லாத பாத்திகளில் பல வகைப் பூக்கள், அம்மோனியம் சல்பேட் மட்டும் இட்டு, சுண்ணாம்பு இடாத பாத்தியில் விரல்விட்டு எண்ணும் வகைகளே (அங்கே மண் அமிலமாவதும் ஒரு காரணம்).

அப்புறம் மணிச்சத்து (பாஸ்பரஸ்). விதை தன் முளைப்புக்கு இதைப் பைட்டேட் என்ற சேர்மமாகச் சேமிக்கிறது. ஆக, விதை உண்டாக்குவது செலவான வேலை. தழைச்சத்தை ஒப்பிட மணிச்சத்து குறைந்த நிலத்துச் செடிகள் கொஞ்ச நாளே பூத்து, குறைவாகவே விதைக்கின்றன என்று 2014-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதற்காக மணிச்சத்தைக் கொட்டினாலும் ஆபத்துதான். வேகமாக வளரும் செடிகள், மணிச்சத்து குறைந்த நிலத்துக்குப் பழகிய இந்தச் செடிகளை அமுக்கிவிடும்.