புவி அறிவியல் பட்டப்படிப்பில் எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது? கணிதத்தைக் கடைசி வருடத்துக்குத் தள்ளலாமா?

தள்ளக் கூடாது. இதே தப்பை நான் வேதியியலில் செய்து, பட்டம் வாங்க ஒரு விடுமுறைக் காலம் கூடுதலாகக் காத்திருந்தவன். அந்தக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பள்ளியோடு வேதியியலுக்கு முழுக்குப் போட்டாயிற்று என்று நினைத்திருந்தேன். முதல் வருடத்தில் அதை எடுக்காமல், எரிமலை, நிலநடுக்கம், டைனோசர் என்று சுவாரசியமான அறிமுகப் பாடங்களாகப் பொறுக்கினேன். இரண்டாம் வருடம் கனிமவியலில் சேரப் போனால், வேதியியல் முடித்திருந்தால்தான் இடம் என்றார்கள். சரி, அந்த வருடம் வேதியியல். ஆனால் கனிமவியல் வருடத்துக்கு ஒரே ஒரு செமஸ்டரில்தான் நடக்கும், ஆகவே அது மூன்றாம் வருடத்துக்குப் போனது. கனிமவியலுக்குப் பிறகு பாறையியல், பாறையியலுக்குப் பிறகு ஸ்ட்ரக்சுரல் ஜியாலஜி, அதாவது பாறைகள் எப்படி மடிந்தன, உடைந்தன என்ற பாடம். இவை எல்லாம் முடித்தவர்களுக்குத்தான் ஃபீல்ட் மேப்பிங் முகாம், அதாவது வெளியில் நடந்து பாறைகளை வரைபடமாக்கும் பயிற்சி. கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகு, நான் ஜூனியர்களோடு சுத்தியலைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிக்கொண்டிருந்தேன்.

அதனால் திட்டத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஃபீல்ட் முகாம் எந்த விடுமுறையில் என்று முதலில் குறியுங்கள். அதற்கு என்னென்ன முடித்திருக்க வேண்டும், அவற்றுக்கு முன்னால் என்ன வேண்டும் என்று கீழே இறங்கி வந்தால், முதல் செமஸ்டரில் எடுக்க வேண்டியது தானாகத் தெரியும். பாடங்களின் பெயரும் வரிசையும் கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். ஆனால் வேதியியல், கனிமவியல், பாறையியல் என்ற சங்கிலி அனேகமாக எங்கும் இருக்கும். படிவுப் பாறைகள், அடுக்கியல் எல்லாம் பக்கத்தில் இன்னொரு கிளையாக ஓடும், அவற்றை நகர்த்திக்கொள்ளலாம்.

கனிமவியலை ஏன் இவ்வளவு முன்னால் வைக்கிறார்கள்? அதில் கண் பழக வேண்டும். பாறைத் துண்டைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, ஒளியை ஒரே தளத்தில் அதிரவைத்துப் பார்க்கும் போலரைசிங் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பீர்கள். அந்தத் தடிமனில் குவார்ட்ஸ் சாம்பல் நிறத்திலோ வெளிறிய வெண்மையிலோ தெரியும். மஞ்சளும் சிவப்புமாக மின்னினால் பாறைச் சீவல் தடிமனாக இருக்கிறது என்று அர்த்தம். இதை ஒரே ராத்திரியில் படித்து முடிக்க முடியாது, வாரக்கணக்கில் குனிந்து உட்கார்ந்தால்தான் வரும். கழுத்து வலியும் கூடவே வரும். அங்கே பழகாத கண்ணுக்குப் பாறையியல் வகுப்பில் எல்லாப் பாறையும் ஒரே பாறைதான்.

இப்போது கணிதம். முதல் இரண்டு வருடத்துக்குள் கால்குலஸ் முடித்துவிடுங்கள், முடிந்தால் லீனியர் அல்ஜீப்ராவும். பாறைக்குள் அழுத்தம் எந்தத் திசையில் அதிகம் என்று கேட்டால், விடை ஒரு மேட்ரிக்ஸின் ஐகன் வெக்டரில் இருக்கிறது, அதை லீனியர் அல்ஜீப்ராவில்தான் படிப்பீர்கள். கார்பன் 14-இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு, யுரேனியம் 238-க்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டு. இந்த எண்ணிலிருந்து ஒரு மரத்துண்டின் வயதுக்கோ பாறையின் வயதுக்கோ போகிற வழி ஒரு எளிய வகைக்கெழுச் சமன்பாடு. பூமியை இயற்பியல் வழியாக ஆராயும் ஜியோபிசிக்ஸ் பக்கம் போக நினைத்தால் இதெல்லாம் பத்தாது, அலைச் சமன்பாடு வரைக்கும் போக வேண்டும், கூடவே இயற்பியலும்.

கணிதம் மட்டும் இருந்தால் போதும் என்றும் சொல்ல வரவில்லை. 1862-இல் இயற்பியலாளர் கெல்வின் பிரபு வெப்பக் கடத்தல் சமன்பாட்டை வைத்துப் பூமியின் வயதைக் கணக்கிட்டார். 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுக்குள் என்று வந்தது. உண்மையில் சுமார் 454 கோடி ஆண்டு. கணக்கில் பிழை இல்லை. பூமியின் உட்பகுதி அசையாத திடப்பொருள் என்று வைத்துக்கொண்டதுதான் பிரச்சினை. உள்ளே பொருள் மெல்ல நகர்ந்து வெப்பத்தை மேலே கொண்டுவந்தால் வயது பல மடங்கு கூடும் என்று 1895-இல் சுட்டிக்காட்டியவர் அவருக்கு முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி. இந்தக் கதை தெரிந்த பிறகு, கணித வகுப்பையும் பாறை வகுப்பையும் ஒரே செமஸ்டரில் வைத்துக்கொள்வதில் எனக்குத் தனிப் பிரியம்.

ஒரு செமஸ்டரின் பாரத்தை அளக்க கிரெடிட்டை எண்ணாதீர்கள், லேபை எண்ணுங்கள். லேப் உள்ள பாடம் இரண்டு என்றால் சமாளிக்கலாம். மூன்று என்றால் சனி, ஞாயிறு போயிற்று, அதிலும் ஒன்றுக்கு வாரக்கடைசிக் களப்பயணம் இருந்தால் தூக்கமும் போயிற்று. ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவைக் கையாளும் முறை), பைதான் (நிரல் மொழி) இரண்டையும் லேப் குறைவான செமஸ்டரில் நுழைத்துவிடுங்கள். பின்னால் எந்தப் பிரிவுக்குப் போனாலும் கைகொடுக்கும்.

விருப்பப் பாடங்களை மட்டும் பென்சிலில் எழுதுங்கள். நான் மூன்று வருடத்துக்கும் எரிமலையியல் என்று எழுதிவைத்திருந்தேன். கடைசியில் மணல் வழியாகத் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்ற டார்சி விதியில் மாட்டிக்கொண்டேன். 1856-இல் வந்த ஒற்றை வரிச் சமன்பாடு அது, இன்றைக்கும் என் வேலையே அதைச் சுற்றித்தான். தொல்லுயிரியல் பிடித்தால் உயிரியல் ஒன்று, ஜியோகெமிஸ்ட்ரி என்றால் இயற்பிய வேதியியல் ஒன்று சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கு இரண்டு இடம் காலியாக விட்டால் போதும்.

அப்புறம், திட்டத்தைத் துறை ஆலோசகரிடம் காட்டும்போது, "இதில் எந்தெந்தப் பாடம் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நடக்கிறது? எது ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்?" என்று கேட்டுவிடுங்கள். பாடத்திட்டக் கையேட்டில் இது எப்போதும் இருக்காது. நான் கேட்கவில்லை.