தோட்டக்கலை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: வெண்ணெய்ப் பழக் (அவகாடோ) கொட்டைகளைப் பாலித்தீன் பைகளில் நட்டிருக்கிறேன். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, வேம் (வேரோடு சேர்ந்து வாழும் பூசணம்) ஆகிய மூன்று நுண்ணுயிர் உரங்களையும் மண்ணின் மேல் தூவி, ஆழ்துளைக் கிணற்று நீர் பாய்ச்சி வருகிறேன். ஆனாலும் இலை நுனிகள் கருகுகின்றன. சில நாற்றுகள் வாடியும் விட்டன. உயிர் உரத்தின் அளவைக் கூட்டலாமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: கூட்ட வேண்டாம். இலை நுனியும் ஓரமும் கருகுவது பெரும்பாலும் தண்ணீரில் உள்ள உப்பினால்தான். பழமரங்களில் வெண்ணெய்ப் பழமரம் உப்பை மிகவும் தாங்காத ஒன்று. எனவே முதலில் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கிணற்று நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். இயன்றவரை மழைநீரைச் சேமித்து நாற்றுகளுக்கு ஊற்றுங்கள்.

வாடிய நாற்று ஒன்றைப் பையைக் கிழித்து எடுத்துப் பாருங்கள். உறிஞ்சு வேர்கள் வெண்மையாக இல்லாமல் கறுத்து நொறுங்கினால் அது பைட்டோப்தோரா என்னும் நோய்க்கிருமியால் வரும் வேரழுகல். நீர் தேங்கும் பையில்தான் இந்நோய் பெருகும் என்பதால், செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு என்று கலந்து, பையின் அடியில் போதிய துளைகள் இடுவது எந்த உயிர் உரப் பொட்டலத்தையும் விட முக்கியம். மக்கிய எரு 100 கிலோவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணம் 1 கிலோ கலந்து, ஈரம் காயாமல் நிழலில் 15 நாள் வைத்திருந்து சேர்த்தால் நோய் வராமல் தடுக்க உதவும். அழுகிய வேரை அது மீட்காது.

நீங்கள் இட்ட மூன்றில் இப்பயிருக்கு அதிகம் பயன்படுவது வேம் என்பதே என் கருத்து. இம்மரத்தின் வேர்களில் வேர்த்தூவிகள் மிகக் குறைவு. அந்தக் குறையை வேம் பூசணத்தின் இழைகள் மண்ணில் பரவி மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) துத்தநாகத்தையும் கொண்டு வந்து ஓரளவு ஈடுசெய்கின்றன. ஆனால் வளரும் வேர் அதைத் தொட்டாக வேண்டும். ஆகவே மேலே தூவாமல், நடும்போதே பைக்கு 5 முதல் 10 கிராம் வீதம் கொட்டைக்குச் சற்றுக் கீழே இடுங்கள். அந்த மண் கலவையில் மணிச்சத்து மிகுந்த ரசாயன உரமான டி.ஏ.பி. சேர்த்துவிட்டால் வேம் வேருக்குள் நுழைவதே குறைந்துவிடும். கடையில் இரண்டையும் சேர்த்தே வாங்கி வருவோர் இதைக் கவனிப்பதில்லை. தாமிரப் பூசணக்கொல்லி ஊற்றியிருந்தால், 15 நாள் கழித்த பிறகே உயிர் உரம் இடுங்கள்.

அடுத்த முறை, பழத்திலிருந்து எடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் கொட்டையை நட்டுவிடுங்கள். அதற்கு மேல் முளைப்புத்திறன் விரைவாகக் குறையும். அகன்ற பக்கம் கீழே இருக்க, கூர்முனை மண்ணுக்கு மேல் சற்றே தெரிய வேண்டும்.

கேள்வி: சென்ற ஆண்டு வாங்கிய அசோஸ்பைரில்லம் பொட்டலங்கள் மீதமுள்ளன. பயன்படுத்தலாமா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: தூள் வடிவ உயிர் உரத்துக்கு ஆயுள் சுமார் ஆறு மாதம்தான், திரவ உரமானால் ஓராண்டு வரை தாங்கும். காலாவதித் தேதி கடந்த தூளை எருக்குழியில் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்குங்கள், அதுவும் வெயில் படாத இடத்தில் அடுக்கி வைத்திருக்கும் கடையில்.