சப்வூஃபரில் ஓயாத இரைச்சல்

கேள்வி: ஹோம் தியேட்டரில் படம் ஓடாதபோதும் சப்வூஃபர் (கனத்த ஒலிக்கான ஸ்பீக்கர்) ‘உம்ம்’ என்று இரைகிறது. புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்.

பதில்: அவசரம் வேண்டாம், அது பெரும்பாலும் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வுதான். செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் உடனே நின்றால், தெருவிலிருந்து வரும் அந்த ஒயரின் எர்த்தும் வீட்டு எர்த்தும் ஒரு சுற்றாக இணைந்து, அதில் ஓடும் சிறு மின்னோட்டத்தை ஆம்ப்ளிஃபயர் ஒலியாக்குகிறது என்று பொருள். சிக்னலை மட்டும் விட்டு எர்த் இணைப்பைத் துண்டிக்கும், கேபிள் ஒயருக்கான ஐசொலேட்டர் ஒன்றை இடையில் பொருத்தினால் போதும். பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிடச் சிலர் யோசனை சொல்வார்கள். உயிருக்கே உலை வைக்கும் வேலை அது. கேபிளைக் கழற்றியும் நிற்காவிட்டால், ஊஃபருக்குச் செல்லும் ஆடியோ ஒயரையும் கழற்றுங்கள். அப்போதும் இரைந்தால் மட்டுமே ஊஃபரை மெக்கானிக்கிடம் கொண்டுசெல்லுங்கள்.