‘கார் வேண்டாம், காசைத் தாங்கோ’ என்று சொன்னதில் உள்ள சிக்கல்

வாசகர் கேள்வி (சுருக்கி)

கொக்குவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். கொழும்புக்கு அருகிலுள்ள ஒரு கார் சேலில் 2025 ஏப்ரலில் புது வாகன் ஆர் ஒன்றை 72 இலட்சத்துக்குப் பேசி 30 இலட்சம் முற்பணம் கட்டினேன். அதில் 20 இலட்சம் கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பியது. “ஜப்பானிலிருந்து மூன்று மாதத்தில் வந்துவிடும் சேர்” என்றார்கள். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். கடைசியில் வாடகைக் காரில்தான் போனோம், சம்பந்தி வீட்டாருக்கு முன் தலைகுனிவு. கப்பல் வருகிறது என்றார்கள், சுங்கத்தில் சிக்கல் என்றார்கள், இப்போது புயல் என்கிறார்கள். தீபாவளியன்று பொறுக்க முடியாமல் “உங்கட காரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், காசைத் தாங்கோ” என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டேன். யார்டில் நிற்கும் வேறொரு காரை இன்னும் 4 இலட்சம் போட்டு எடுக்கும்படி இப்போது சொல்கிறார்கள். அது வேண்டாமென்றால் 2 இலட்சத்தைச் ‘செலவு’ என்று கழித்து மிச்சத்தை 6 தவணையில் தருவார்களாம். பொலிசுக்குப் போகவா? மனவுளைச்சலுக்கு நட்டஈடு கேட்கலாமா?

சட்டத்தரணியின் பதில்

ஐயா, உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் சட்டத்துக்கு வேண்டியது இரண்டே வரி. ஒன்று, நீங்கள் இணைத்திருக்கும் ஒப்பந்தப் படிவத்தின் ஆறாவது வரி: “எல்.சி. திறந்து ஏறத்தாழ 90 நாட்களில் வாகனம் கையளிக்கப்படும்.” (எல்.சி. என்பது, வெளிநாட்டு விற்பனையாளருக்குக் காசு கிடைக்கும் என்று இங்குள்ள வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்.) மற்றது, தீபாவளியன்று நீங்கள் அனுப்பிய குரல் பதிவு.

கல்யாணமும் சம்பந்தியும் விற்பனையாளர் போனை வெட்டியதும் வழக்கில் எங்கும் வராது. ஒப்பந்தம் மீறப்பட்டதற்கு மனவுளைச்சல் என்று நட்டஈடு எதிர்பார்க்க வேண்டாம். வாடகைக் காரின் செலவையாவது கேட்கலாமென்றால், இந்தத் தேதிக்குக் கல்யாணம், அதற்குத்தான் கார் என்று ஏப்ரலிலேயே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சொன்னது வாய்ப்பேச்சில், தேநீர் குடித்துக்கொண்டு.

முதலில் அந்த ஆறாவது வரி. 90 நாட்களை நீங்கள் காசு கட்டிய நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். ஒப்பந்தம் எல்.சி. திறந்த நாளிலிருந்து எண்ணுகிறது. எல்.சி. எந்த வங்கியில், என்றைக்குத் திறக்கப்பட்டது? உங்களுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. திறக்கப்படவே இல்லையென்றால், எழுத்தின்படி அந்த 90 நாள் இன்னும் தொடங்கவில்லை என்று அவர்களின் சட்டத்தரணி எழுந்து நின்று சொல்வார். நியாயமான காலத்துக்குள் எல்.சி. திறக்க வேண்டியது விற்பவரின் கடமை என்று நாங்கள் பதில் சொல்வோம். ஆனால் தேதி குறிக்காத கடமையில், ஒருவரை முறைப்படி கேட்டு, கால அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகும் செய்யவில்லை என்றால்தான் அவர் தவறியவர் ஆகிறார். நம் நாட்டு ஒப்பந்தச் சட்டத்துக்கு அடியில் இருக்கும் உரோம டச்சுச் சட்டம் அப்படித்தான். பத்து மாதம் போனில் கெஞ்சியதெல்லாம் அந்த முறைப்படியான கேட்டல் ஆகாது. பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம்கூட இதுவரை போகவில்லை.

இப்போது குரல் பதிவு. என்னிடம் வரும் கார் வழக்குகளில் பாதி சிக்குவது இந்த இடத்தில்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதி திறக்கப்பட்டது. ஐந்து வருடம் காத்திருந்த சனம் கையில் காசோடு சேல் வாசலில் நின்றது. முற்பணம் வாங்கிய எல்லோரும் கள்ளர் இல்லை. பலர் எல்.சி. திறக்கக் காசு போதாமல் இவருடைய முற்பணத்தை அவருடைய காருக்குப் போட்டு உருட்டினார்கள். அப்படி உருட்டுகிறவருக்கு நீங்கள் தரக்கூடிய பெரிய பரிசு, “கார் வேண்டாம்” என்ற ஒரு வசனம். அதைச் சொன்ன நொடியில் ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள் என்று அவர் சொல்ல இடம் கிடைக்கிறது. உங்கள் பற்றுச்சீட்டின் கீழே சிறிய எழுத்தில் ‘நொன் ரிஃபண்டபிள்’ என்று அச்சடித்திருக்கிறதே, பார்த்தீர்களா? வாங்குபவர் காரணமில்லாமல் விலகினால் வைப்புப் பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று வாதாட அந்த ஒரு சொல் போதும். 72இல் 30 இலட்சம் வெறும் வைப்பு ஆகாது, விலையின் ஒரு பகுதி, அது திரும்பி வரவேண்டும் என்று நாங்கள் வாதாடலாம். வெல்லவும் வாய்ப்பு உண்டு. ஆனால் காசு அவர்கள் கையில் இருக்க, வாதாடிக்கொண்டிருப்பது நாங்கள். குரல் பதிவுதானே, எழுத்து இல்லையே என்று ஆறுதல் அடையவேண்டாம். 2006ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்தபின் வட்ஸ்அப்பும் சான்றுதான்.

உங்களைக் காப்பாற்றக்கூடியது ஒன்று இருக்கிறது, அது உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் தற்செயலாக வந்து விழுந்திருக்கிறது. குரல் பதிவுக்குப் பிறகும், கார்த்திகையில், “சேர், உங்கட வெஹிக்கிள் அடுத்த கப்பலில” என்று விற்பனையாளர் எழுதியிருக்கிறார். உங்கள் விலகலை அவர்கள் ஏற்கவில்லை, ஒப்பந்தம் உயிரோடு இருப்பதாகவே நடந்துகொண்டார்கள் என்பதற்கு அந்தச் செய்தி சாட்சி. அதை அழிக்காதீர்கள். போனை மாற்றினால் பழைய போனைப் பேரப்பிள்ளையிடம் விளையாடக் கொடுக்காதீர்கள்.

இந்த வாரமே கோரிக்கைக் கடிதம் போகட்டும். அதில் ‘வேண்டாம்’ என்ற சொல் வரக்கூடாது. “காரைத் தாருங்கள், 21 நாளுக்குள் தராவிட்டால் உங்கள் தவறால் ஒப்பந்தம் முடிகிறது, 30 இலட்சமும் வட்டியும் வேண்டும்” என்ற வரிசையில் இருக்கவேண்டும். எல்.சி. இலக்கம், வங்கி, திறந்த தேதி, காரின் சேசிஸ் இலக்கம், கப்பலின் பெயர் ஐந்தையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமே ஒரு சான்று. பற்றுச்சீட்டு யார் பெயரில் என்றும் பாருங்கள். தம்பியின் 20 இலட்சம் நேரே அவர்கள் கணக்குக்குப் போய், அதற்குத் தம்பி பெயரில் சீட்டு எழுதியிருந்தால், அவரின் அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் செயற்பட எழுதித் தரும் அதிகாரம்) இல்லாமல் அந்தப் பகுதியை நீங்கள் கேட்க முடியாது.

சாக்குகளைப் பற்றிச் சுருக்கமாக. 2025இல் சில மின்சாரக் கார்கள் மோட்டார் வலு பற்றிய தகராறில் சுங்கத்தில் முடங்கியது உண்மை. உங்கள் கார் அந்த வகை இல்லை. எல்.சி. எந்த நாட்டில் திறக்கப்பட்டது என்ற தகராறில் வேறு வாகனங்களும் துறைமுகத்தில் நின்றன. உங்கள் கார் அதில் ஒன்றென்றால் சேசிஸ் இலக்கம் இருக்கும், காட்டட்டும். டித்வா புயல் நவம்பர் கடைசியில் வந்தது. கோடையில் திறந்திருக்க வேண்டிய எல்.சி.யை அது எப்படித் தடுத்தது?

பொலிசைப் பற்றிக் கேட்டீர்கள். முறைப்பாடு எழுதுவார்கள், பிறகு இது சிவில் விசயம் என்பார்கள். அது பெரும்பாலும் சரியும்கூட. எல்.சி. திறக்காமலே கப்பல் வருகிறது என்று பொய் சொன்னார்கள் என்றோ, ஒரே சேசிஸ் இலக்கத்தை இரண்டு பேருக்கு விற்றார்கள் என்றோ தெரியவந்தால் கதை மாறும், அது மோசடி ஆகலாம். அந்த ஐந்து விபரங்களையும் கேட்கச் சொன்னது அதற்காகவும்தான்.

அடுத்தது யார்டில் நிற்கும் கார். இதற்குப் போகவே வேண்டாம். சேல்காரர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் காரை இறக்குகிறார். கடன் கட்டி முடியும்வரை பத்திரங்கள் வங்கியின் பெட்டியில். என்னிடம் வந்த ஒருவர் மிச்சக் காசு முழுவதையும் சேல்காரரின் கணக்கில் போட்டுக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தக் காசு வேறு கடனுக்குப் போய்விட்டது. வங்கி பத்திரத்தை விடவில்லை, பதியவும் முடியவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கார் மாமரத்தின் கீழ் நின்றது. சீற்றில் பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. பின் கண்ணாடியில் படிந்த தூசியில் வீட்டுப் பிள்ளை விரலால் தன் பெயரை எழுதி வைத்திருந்தது. அதோடு, இறக்கிய வாகனத்தை 90 நாளுக்குள் பதியாவிட்டால் சி.ஐ.எஃப். பெறுமதியில் (காரின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்தது) மாதம் 3 வீதம் தாமதக் கட்டணம் ஏறும். உங்களிடம் கூடுதலாகக் கேட்கும் 4 இலட்சம் அந்தக் கட்டணம்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவும் கேட்டபிறகும் அந்தக் கார்தான் வேண்டுமென்றால், மிச்சக் காசை வங்கியின் கடன் கணக்குக்கு நேரே கட்டுங்கள், அதுவும் சுங்கப் பத்திரத்தைக் கையில் பார்த்த பிறகு.

வழக்குப் போட்டால்? ஒப்பந்தம் அங்கே எழுதப்பட்டது, அவர்கள் இருப்பதும் அங்கே. வழக்கு அந்தப் பக்கத்து மாவட்ட நீதிமன்றத்தில்தான். ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் இரவு பஸ் ஏற வேண்டும், வருடக் கணக்கில். எழுதிய ஒப்பந்தம் என்பதால் ஆறு வருடக் காலாவதி இருக்கிறது, அவசரம் இல்லை. ஆனால் அதற்கிடையில் அந்தக் கம்பனி இருக்குமா? வெறுங்கணக்குள்ள கம்பனிக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கி, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் 2 இலட்சம் போகட்டும் என்று சமாதானமாகப் போங்கள். முயன்றால் ஒன்றாகக் குறைக்கலாம். உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் அவர்கள் எழுதித் தரும் ஒரு பக்கக் கடிதத்தில் கையொப்பம் போடவேண்டாம். அதில் “வாங்குபவர் தம் விருப்பத்தின் பேரில் விலகுகிறார்” என்றும் “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்றும் இருக்கும். இரண்டாவது தவணையோடு காசு நின்றுபோனால், அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு என்னிடம் வந்து பயனில்லை. நம் பக்கத்தில் எழுதும் உடன்படிக்கையில் “இன்ன தொகை தரவேண்டியிருக்கிறது” என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், பணிப்பாளர் ஒருவர் தனிப்பட்ட முறையிலும் பொறுப்பேற்றுக் கையொப்பம் இடவேண்டும். ஒரு தவணை தவறினால் மிச்சம் முழுவதும் உடனே தரவேண்டும், கழித்த 2 இலட்சமும் சேர்த்து.

முதல் தவணை அன்றைக்கே வங்கி மாற்றாக வரட்டும், மற்ற ஐந்துக்கும் திகதியிட்ட காசோலை. கோரிக்கை காசோலையை வைத்து என்றால் சாதாரண வழக்கு வேண்டாம், சிவில் நடைமுறைக் கோவையில் சுருக்க வழி இருக்கிறது. அதில் எதிர்வாதம் செய்யவே அவர்கள் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். கணக்கில் காசில்லாமல் காசோலை எழுதுவதற்கு 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தில் குற்றப் பிரிவும் உண்டு. சேல்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். காசோலை கேட்டவுடன் முகம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் தவணைப் பேச்சை நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள்.

பற்றுச்சீட்டின் மூலப் பிரதியை எடுத்துவரச் சொல்வார்கள். போட்டோக் கொப்பியைக் கொண்டுபோங்கள். மூலப் பிரதி, கடைசிக் காசோலை வங்கியில் தேறிய பிறகு.